32 கிலோமீட்டர் ஓடினாத்தான் மாரத்தானா?



நம்ம புலனக் குழுவில நாலு நாளா நடக்குற விவாதத்தைப் பல பேர் பார்த்திருப்பீங்க. பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். வருஷக் கடைசியில பினாங்குப் பாலம் மாரத்தான் வருது. நம்ம ஆலயத் தொண்டர்கள்ல 11 பேர் முழு மாரத்தானுக்குப் பேர் கொடுத்திருக்கோம். பயிற்சித் திட்டம் ரெண்டு முன்னாடி இருக்கு. ஒண்ணு இளைஞர் பகுதித் தம்பிங்க போட்டது. அதுல ஞாயித்துக்கிழமை நீண்ட ஓட்டம் 28, 30, 32, இன்னொரு 32, கடைசியில 35 கிலோமீட்டர்னு ஏறிக்கிட்டே போகுது. வாரத்தில மத்த ரெண்டு நாள் எட்டு எட்டு கிலோமீட்டர். இன்னொண்ணு நான் முன்வெச்சது. இதுல நீண்ட ஓட்டம் 25 கிலோமீட்டரைத் தாண்டாது. ஆனா வாரத்துக்கு அஞ்சு நாள் ஓடணும்.

"25 ஓடிட்டு 42 எப்படிண்ணே முடிக்கிறது?" அப்படின்னு கேட்டு சிரிக்கிற படமா போட்டுத் தள்ளிட்டாங்க. நியாயமான கேள்விதான். புலனத்தில ஒரு வரி ரெண்டு வரியில பதில் சொல்ல முடியாது, குரல் பதிவு போட்டா யாரும் முழுசா கேக்கிறதில்லை. அதனால இங்க நீட்டி எழுதுறேன். ஓடாத அன்பர்களும் படிங்க. உங்க வீட்டுக்காரரோ மகளோ இந்த 11 பேர்ல இருக்கலாம்.

என் கருத்து இதுதான். ஷிப்ட் வேலை பாக்குற, நாற்பதைத் தாண்டின, ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிஷம் 8 நிமிஷம் எடுக்குற நம்ம மாதிரி ஆளுங்களுக்கு, நீண்ட ஓட்டம் குறைவா இருக்குற திட்டம்தான் சரி.

முதல்ல இந்த 32 எங்கேயிருந்து வந்துச்சுன்னு பாருங்க. அமெரிக்காவில தூரத்தை மைல் கணக்கில அளக்கிறாங்க. 20 மைல்ங்கிறது வாய்க்கு நல்லா வர்ற எண். அதைக் கிலோமீட்டருக்கு மாத்தினா 32. அங்க "20 போட்டாச்சா?"ன்னு கேட்டது இங்க "32 போட்டாச்சா?"ன்னு ஆயிடுச்சு. முதல்லேயே கிலோமீட்டர்ல யோசிச்சிருந்தா 30னு வெச்சிருப்பாங்க, நாமும் அதையே வேதவாக்கா பிடிச்சிருப்போம். இணையத்தில ரொம்பப் பேர் எடுத்துப் பயன்படுத்துற ஹால் ஹிக்டனோட புதியவர் திட்டத்தைப் பாருங்க. 18 வாரத்தில 20 மைல் ஒரே ஒரு தடவைதான் வருது. நம்ம தம்பிங்க திட்டத்தில 32 ரெண்டு தடவை, அதுக்கு மேல ஒரு 35. யார் கூட்டினாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியலை. ஆர்வம்தான் கூட்டியிருக்கு.

அடுத்தது நேரம். தூரத்தை மட்டும் பாக்குறது பெரிய ஏமாத்து. உலகத் தரத்தில ஓடுறவர் 32 கிலோமீட்டரை நிதானமா ஓடினாலே ரெண்டு மணி நேரத்தில முடிச்சிட்டுப் பசியாற உக்காந்திடுவார். நாம ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிஷம்னு வெச்சா அதே 32க்கு 4 மணி 16 நிமிஷம். விடியக்காலை 4.30க்குக் கிளம்பினா முடியறப்போ மணி 8.46. நடுவுல தண்ணி குடிக்க நிக்கிறதையும் சேர்த்தா 9 தாண்டிடும். நம்ம ஊர்ல 7 மணி போல வெளிச்சம் வந்துட்டா அதுக்கப்புறம் வெயில் எப்படி ஏறும்னு உங்களுக்கே தெரியும். விடியக்காலையிலகூடக் காத்துல அவ்வளவு ஈரம், வேர்வை காயவே காயாது. அவர் ஓடினதும் 32, நாம ஓடினதும் 32. ஆனா அவர் உடம்பு பட்டது ரெண்டு மணி நேரப் பாடு. நம்ம உடம்பு பட்டது நாலேகால் மணி நேரப் பாடு.

இன்னொரு கணக்கும் இருக்கு. கிப்சோகே 40 கிலோமீட்டர் நீண்ட ஓட்டம் போறார்னு ஒரு தம்பி காணொளி அனுப்பியிருந்தார். உண்மைதான். ஆனா அவர் வாரத்துக்கு 200 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுறவர். அவருக்கு அந்த 40ங்கிறது வாரத்தில அஞ்சுல ஒரு பங்கு. தம்பிங்க திட்டத்தில 8, 8, 32. மொத்தம் 48. அதுல 32ங்கிறது மூணுல ரெண்டு பங்கு. ஆறு நாள் அரை வயிறு சாப்பிட்டுட்டு ஏழாம் நாள் பந்தியில உக்காந்து ஆறு நாள் சோத்தையும் சேர்த்துத் திங்கிற மாதிரி இது. திங்கலாம். வயிறு என்ன ஆகும்?

இது நானா கண்டுபிடிச்ச ஞானம் இல்ல. அமெரிக்காவில மிச்சிகன் மாநிலத்தில ஹான்சன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர், கீத், கெவின். அவங்க முறைப்படி சாதாரண ஓட்டக்காரங்களுக்கு நீண்ட ஓட்டத்தோட உச்சமே 16 மைல், அதாவது 26 கிலோமீட்டர் அளவு. அதுவும் ஒவ்வொரு வாரமும் கிடையாது. அதுக்குப் பதிலா வாரத்துக்கு ஆறு நாள் ஓடச் சொல்றாங்க. முந்தின நாள் களைப்பு தீராத காலோட ஞாயித்துக்கிழமை 26 ஓடும்போது, அது மாரத்தானோட முதல் 26 மாதிரி இருக்காது, கடைசி 26 மாதிரி இருக்கும்ங்கிறது அவங்க வாதம். அந்தக் குழுவில பல வருஷம் பயிற்சி எடுத்த டெசிரே லிண்டன் 2018ல பாஸ்டன் மாரத்தான் பெண்கள் பிரிவுல முதலாவதா வந்தாங்க. கொட்டுற மழை, எதிர்க்காத்து, கடுங்குளிர்னு அமைஞ்ச வருஷம் அது. அவங்க மாதிரி தொழில்முறை ஆளுங்க 26க்கு மேலயும் ஓடுவாங்க, அதை மறைக்கல. அவங்களோட வாரத்து மொத்தம் பெருசு, அதனால நீண்ட ஓட்டமும் பெருசு. நமக்கு வேண்டியது அந்த விகிதம்தான்.

இன்னொருத்தர் ஜாக் டேனியல்ஸ். கண்ணை அகலமா திறக்க வேணாம், போத்தல் இல்ல, ஓட்டப் பயிற்சியாளர். 1956, 1960 ஒலிம்பிக்ல பதக்கம் வாங்கினவர், அப்புறம் ஓட்டத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிப் புத்தகம் எழுதினவர். அவர் நீண்ட ஓட்டத்துக்கு 150 நிமிஷம்னு எல்லை கட்டுறார். நான் சொல்றது அவரைவிடத் தளர்வு: 25 கிலோமீட்டர் அல்லது 3 மணி நேரம், ரெண்டுல எது முதல்ல வருதோ அதோட நிறுத்தணும். 7 நிமிஷக்காரர் 25ஐ 2 மணி 55 நிமிஷத்தில முடிச்சிடுவார். 8 நிமிஷக்காரருக்கு 22 கிலோமீட்டர் தாண்டும்போதே 3 மணி நேரம் ஆயிடும். அவர் அதோட வீட்டுக்குப் போகலாம், குறை ஒண்ணுமில்ல.

ஏன் இந்த எல்லை? ரெண்டு மணி ரெண்டரை மணி நேரம் நிதானமா ஓடினாலே இதயம், மூச்சு, தசைக்குள்ள கொழுப்பை எரிக்கிற பழக்கம் இதுக்கெல்லாம் கிடைக்க வேண்டிய பயன்ல பெரும்பகுதி கிடைச்சிடுது. அதுக்கு மேல போகப் போக பயன் மெதுவாத்தான் கூடுது. தேய்மானம் வேகமா கூடுது. தசையில சேர்த்து வெச்ச சர்க்கரை தீர்ந்து, ஓட்டத்தோட அழகு குலைஞ்சு, பாதத்தைத் தொப்புத் தொப்புன்னு போட ஆரம்பிப்போம். முட்டியும் கெண்டைக்காலும் அடி வாங்குறது அப்போதான். அப்புறம் செவ்வாய்க்கிழமை ஓட முடியாது, வியாழக்கிழமையும் இழுத்து இழுத்துத்தான். ஒரு ஞாயிறுக்காக ஒரு வாரத்தையே கொடுத்த மாதிரி.

எங்க தொழிற்சாலை வேலையில பர்ன்-இன்னு ஒண்ணு உண்டு. செஞ்சு முடிச்ச சில்லுகளைச் சூட்டு அடுப்புக்குள்ள வெச்சு, மின்சாரம் கொடுத்துச் சில மணி நேரம் ஓட்டுவாங்க. உள்ளுக்குள்ள பலவீனமா இருக்கிறது அங்கேயே செத்துடும், நல்லது மட்டும் வாடிக்கையாளர்கிட்ட போகும். புதுசா வர்ற பையனுங்க கேப்பாங்க, "அண்ணே, இன்னும் நாலு மணி நேரம் கூட வெச்சா இன்னும் நல்லா தெரியுமே?" அப்படி வெச்சா நல்ல சில்லோட ஆயுசும் சேர்ந்து தேயும். சோதிக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்கு. பந்தயத்துக்கு முன்னாடியே நம்மை நாமே சோதிச்சுத் தீர்த்துட்டா, அன்னைக்குப் பாலத்துமேல ஓட மிச்சம் என்ன இருக்கும்?

நம்ம வழக்கத்தையே எடுத்துக்குங்களேன். தைப்பூசத்துக்குப் பலர் 48 நாள் விரதம் இருக்கோம். தினமும் கொஞ்சம்: ஒரு வேளை சாப்பாடு, தரையில படுக்கை, காலையில குளிச்சு விளக்கு, வாயைக் கட்டுறது, கோபத்தைக் கட்டுறது. ஞாயித்துக்கிழமை தோறும் முழுக் காவடியைத் தூக்கிக்கிட்டு தண்ணீர்மலை 500 படிக்கு மேல ஏறி ஒத்திகை பாத்தவர் யாராவது உண்டா? காவடி முருகன் அருள்ல ஏறுது, மாரத்தான் கெண்டைக்கால்ல ஏறுது, ரெண்டையும் சேர்க்காதீங்கன்னு ஒரு அக்கா எனக்குத் தனியா எழுதியிருந்தாங்க. சரிதான்க்கா. ஆனா தினமும் கொஞ்சம்ங்கிற வழி ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

தைப்பூசம்னு சொன்னதும் முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்த மாரத்தான் முடிஞ்சு சில வாரத்திலேயே தைப்பூசம். போன வருஷம் நம்ம குழுவில ஒருத்தர், பேர் வேணாம், 44 வயசு, பந்தயத்துக்கு மூணு வாரம் இருக்கையில 35 கிலோமீட்டர் ஓடினார். 27லேயே கால் வலிக்குதுன்னு சொன்னார். கூட ஓடினவங்க "மனசுதாண்ணே, விடாதீங்க"ன்னு தள்ளிக்கிட்டுப் போனாங்க. கெண்டைக்காலுக்கு முன்பக்க எலும்புல மயிரிழை விரிசல். எட்டு வாரம் ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாதுன்னுட்டார் டாக்டர். மாரத்தான் போச்சு. கட்டின பணம் போச்சு. மருத்துவ விடுப்புல இருந்த நாளுக்கு ஓவர்டைம் காசும் போச்சு. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. பிள்ளைக்கு நேர்ந்துகிட்ட பால்குடத்தை அந்த வருஷம் அவர் எடுக்க முடியலை. அவர் சம்சாரம் எடுத்தாங்க. இவர் எங்க தண்ணீர்ப் பந்தல்ல நாற்காலி போட்டு உக்காந்து போத்தல் மூடி திறந்து கொடுத்துக்கிட்டிருந்தார். வெள்ளி ரதம் வந்தப்போ எழுந்து நிக்க என் தோளைப் பிடிச்சார்.

அதனாலதான் நான் இவ்வளவு பிடிவாதமா நிக்கிறேன். வயசானவர் பயப்படுறார்னு நினைக்க வேணாம்.

இப்போ தம்பிங்க கேக்கிற கேள்விகளுக்கு வர்றேன்.

"32 ஓடலைன்னா நம்பிக்கை வராதுண்ணே." இருக்கட்டும். 32 ஓடினாலும் மிச்சம் 10 கிலோமீட்டர் தெரியாத இடம்தான். மாரத்தான்ல சுவர் மாதிரி வந்து நிக்கிறதே பெரும்பாலும் 30க்கு மேலதான். பயிற்சியில அதை முழுசா பாக்கணும்னா 42ஐயே ஓடிப் பாக்கணும். ஜெஃப் காலோவேங்கிற பயிற்சியாளர், அவரும் ஒலிம்பிக் ஓட்டக்காரர்தான், முழுத் தூரம் வரைக்குமே பயிற்சியில போகச் சொல்றார். ஆனா அவர் முறையில இடையிடையே நடக்கணும், ரொம்ப மெதுவா போகணும், வாரத்துக்கு மூணு நாள்தான் ஓட்டம். அது தனி வழி, அதுலயும் ஒரு ஒழுங்கு இருக்கு. அங்கேயிருந்து தூரத்தை மட்டும் எடுத்து, இன்னொருத்தர்கிட்டேயிருந்து வேகத்தை எடுத்து, ஓய்வை யார்கிட்டேயிருந்தும் எடுக்காம விடுறதுதான் ஆபத்து.

"அப்போ 25 போதும்னா வேலை குறைச்சல்தானே?" இல்லவே இல்ல. என் திட்டத்தைக் கேட்டு "அப்பாடா"ன்னு சந்தோஷப்பட்டவங்க ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். நீண்ட ஓட்டத்தைக் குறைச்சிட்டு மத்த நாளையும் குறைச்சா, பாலத்தில பாதி தூரத்தில உக்காந்துடுவீங்க. ஹான்சன் முறையிலயே உச்ச வாரங்கள்ல மொத்தம் 80, 90 கிலோமீட்டர் வரும். நமக்கு அவ்வளவு வேணாம், ஆறு நாள் ஓட நமக்கு நேரமும் இல்ல. உச்ச வாரம் இப்படி இருக்கட்டும்: செவ்வாய் 8, புதன் 12, வெள்ளி 6, சனி 12, ஞாயிறு 24. மொத்தம் 62. புதன்கிழமை 12ல நடுவுல இருக்கிற 7, 8 கிலோமீட்டரை மட்டும் பந்தய வேகத்தில ஓடணும். மத்ததெல்லாம் பேசிக்கிட்டே ஓடுற வேகம். பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். இந்தத் திட்டத்தோட உயிர் சனிக்கிழமை 12லதான் இருக்கு. அந்தக் களைப்போட ஞாயிறு 24 ஓடினாத்தான் கடைசிப் பகுதி எப்படி இருக்கும்னு காலுக்குத் தெரியும். சனிக்கிழமையை விட்டுட்டு ஞாயிறு மட்டும் வர்றவர் என் திட்டத்தைப் பின்பற்றலை, சும்மா சோம்பேறித் திட்டத்தைப் பின்பற்றுறார்.

24ம் ஒவ்வொரு ஞாயிறும் இல்ல. ஒரு வாரம் 22, 24, 25ன்னு போனா அடுத்த வாரம் 16க்கு இறங்கணும். பந்தயத்துக்கு மூணு வாரம் முன்னாடி கடைசி 25. அப்புறம் இறக்கம்தான்.

ஷிப்ட்காரங்களுக்கு ஒரு வார்த்தை. 12 மணி நேரம் சிமெண்டுத் தரையில நின்னு நடந்துட்டு வர்ற காலும், ஆபீஸ்ல உக்காந்துட்டு வர்ற காலும் ஒண்ணு இல்ல. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு காலையில நேரா நீண்ட ஓட்டத்துக்கு வர வேணவே வேணாம். தூக்கம் இல்லாம மோட்டார் ஓட்டி வர்றதே ஆபத்து. உங்களுக்கு ஞாயிறுன்னு ஒண்ணு இல்லைன்னா எட்டு நாளை ஒரு வாரமா வெச்சுக்குங்க, ஓய்வு நாள் எதுவோ அது உங்க ஞாயிறு. நீண்ட ஓட்டம் 3 மணி நேரத்துக்குள்ள முடியறதால இப்படி மாத்தி வெச்சுக்க முடியுது. நாலரை மணி நேர ஓட்டத்தை எங்க சொருகுறது? எங்க லைன்ல வேலை பாக்குற ஒரு பையன் ஓய்வு நாள்ல 30 ஓடிட்டு மறுநாள் மெஷின்கிட்ட நிக்க முடியாம எம்.சி. கேட்டான். சூப்பர்வைசரா எனக்கு அது நல்லா இல்ல, ஓட்டக்காரனா இன்னும் நல்லா இல்ல.

ஆலயத்துக்கும் இதுல பங்கு இருக்கு. ஞாயித்துக்கிழமை காலை உழவாரமும் அன்னதானச் சமையலும் இந்த 11 பேரை நம்பித்தான் பாதி நடக்குது. 9 மணிக்கு மேல ஓட்டத்தை முடிச்சிட்டு வர்றவர் பெரிய குண்டானைத் தூக்குவாரா, தூணைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரா? போன வருஷம் அந்த 32 கிலோமீட்டர் ஞாயிறுகள்ல காய் நறுக்கினது எழுபது வயசுப் பாட்டிமார்கள்தான். அவங்க ஒண்ணும் சொல்லலை. நான் சொல்றேன்.

எல்லாருக்கும் ஒரே சட்டம்னு சொல்லலை. குழுவில 26 வயசுத் தம்பி ஒருத்தர் கிலோமீட்டருக்கு 6 நிமிஷத்தில ஓடுறார், வாரத்துக்கு 70 சர்வ சாதாரணம். அவர் ஒரு தடவை 30 போகட்டும், அவருக்கு அது 3 மணி நேரம்தான். தாராளமா போகலாம். ஆனா மத்தவங்க அவர் பின்னாடி ஓடக்கூடாது. மறுபக்கம், 3 மணி நேரத்தில 20 கிலோமீட்டர்கூட இன்னும் வராதவங்க ரெண்டு பேர் இருக்கீங்க. உங்களுக்கு எந்தத் திட்டமும் இந்த வருஷம் வேணாம். அரை மாரத்தானுக்கு மாத்திக்குங்க. 21 கிலோமீட்டர் சின்னத் தூரம் இல்ல. மனசு கஷ்டப்படும்னு தெரிஞ்சுதான் சொல்றேன்.

சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைப் பார்த்துக் கேட்டுட்டு வாங்க. நம்ம சமூகத்தில சர்க்கரை வியாதி மத்த இனங்களைவிட அதிகம்னு நாட்டுச் சுகாதார ஆய்வே சொல்லுது. மாத்திரை போட்டுட்டு, பசியாறாம, மூணு மணி நேரம் ஓடினா சர்க்கரை திடீர்னு இறங்கும். சட்டைப் பையில நாலு மிட்டாய், கூட ஓட ஒரு ஆள், ரெண்டும் கட்டாயம். வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் கணக்கில குடிக்காதீங்க, உப்புச் சத்தும் வேணும், 100 பிளஸ் மாதிரி ஏதாவது கொண்டு வாங்க. கார்த்திகை, சஷ்டின்னு விரதம் இருக்கிற நாள்ல நீண்ட ஓட்டம் கிடையாது. விரதத்தை மாத்த முடியாது, ஓட்டத்தை ஒரு நாள் தள்ளி வெச்சுக்கலாம்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு மண்டபத்தில கூடுவோம். தம்பிங்க அவங்க திட்டத்தைக் கொண்டு வாங்க, நானும் கொண்டு வர்றேன், ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வெச்சு ஒவ்வொருத்தர் வேகத்துக்கும் எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு கணக்குப் போடுவோம். கால்குலேட்டர் நான் எடுத்துட்டு வர்றேன்.

வர்ற ஞாயிறு 18 கிலோமீட்டர். காலை 5 மணிக்குத் தாவரவியல் பூங்கா வாசல்ல கூடி, கர்னி டிரைவ் கடற்கரைப் பக்கம் போய்த் திரும்புறோம். முன்னாடி ஒருத்தர், கடைசியில ஒருத்தர் சிவப்பு விளக்கு கட்டிக்குவோம். 7.30க்குள்ள முடிஞ்சிடும். பசியாறிட்டு 8.30க்கு ஆலயத்தில இருக்கணும், இந்த வாரம் பின்பக்கக் கால்வாய் கழுவுறோம். ரப்பர் காலணி இருக்கிறவங்க கொண்டு வாங்க.